ஒரே நேரத்துக்கு ரெண்டு மீட்டிங் அழைப்பு: "வரல"ன்னு காலண்டரே பதில் சொல்லட்டுமா?

பவர்டேபிள் (திருப்பூர்)
13 மார்ச் 2025, இரவு 9:40

வணக்கமுங்க. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் (ஆர்டரை ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் கவனிக்கற வேலை) பாக்கறேன். ஆபீஸ்ல கூகுள் மெயில், கூகுள் காலண்டர்தான். ரெண்டு பையர் (எங்ககிட்ட வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி), மூணு சாயப்பட்டறை, எங்க சொந்த தையல் யூனிட்னு எல்லாரும் என் காலண்டர்லயே மீட்டிங் போடறாங்க.

நேத்து நடந்ததைச் சொல்றேன். ஜெர்மன் பையரோட கலர் டீம் புதன்கிழமைதோறும் அவங்க நேரம் மதியம் 2 மணிக்கு என்னோட பேசுவாங்க. நமக்கு அது சாயங்காலம் 6:30. நியூயார்க் பையர் அதே புதன்கிழமை அவங்க காலை 9 மணிக்குப் பேசுவாங்க, நமக்கு 7:30. நவம்பர்ல இருந்து ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஒழுங்கா போயிட்டிருந்துச்சு. நேத்து பாத்தா ரெண்டும் 6:30க்கு வந்து நிக்குது. நான் கவனிக்காம நியூயார்க் மீட்டிங்ல போய் உக்காந்துட்டேன். அந்தப் பக்கம் ஜெர்மனில லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துணி) அட்டையை லைட் பாக்ஸ்ல வச்சு, ஏ, பி, சி மூணு ஷேடையும் டி65ங்கற பகல் வெளிச்சத்துல பாத்துட்டு, என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறதுக்காக 20 நிமிஷம் காத்திருந்திருக்காங்க. அப்புறம் கட் பண்ணிட்டாங்க. அப்ரூவல் அடுத்த புதனுக்குப் போயிருச்சு. சாயம் ஒரு வாரம் தள்ளுச்சுன்னா காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங் எல்லாமே ஒரு வாரம் தள்ளும். தூத்துக்குடியில கப்பல் நமக்காக ஒரு வாரம் நிக்காது.

மீட்டிங் தவறினதை விட ஒண்ணு மனசை உறுத்துது. ரெண்டு பேருக்கும் "வர்றேன்"னு என் பேர்ல பதில் போயிருக்கு. ஒருத்தருக்காச்சும் "வரல"ன்னு முன்னாடியே போயிருந்தா, அந்தக் கேள்வியை மெயில்ல அனுப்பியிருப்பாங்க, நான் பத்து நிமிஷத்துல பதில் போட்டிருப்பேன்.

நான் கேக்கறது இதுதான். ஏற்கெனவே ஒத்துக்கிட்ட மீட்டிங் மேல இன்னொண்ணு வந்து விழுந்தா அது மட்டும் தானா மறுக்கப்படணும், மத்த அழைப்பு எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே வரணும். கூகுள் காலண்டர்ல இதுக்கு வழி இருக்குங்களா?

---

கீரணத்தம் அட்மின் (கோவை)
13 மார்ச் 2025, இரவு 10:15

அக்கா, நேராவே சொல்லீர்றேன். "மோதினா மட்டும் மறு"ங்கற ஒரு பொத்தான் கூகுள் காலண்டர்ல ஆளுங்க சொந்தக் காலண்டருக்குக் கிடையாது. கிட்டத்துல வர்றது ரெண்டு இருக்கு.

"அவுட் ஆஃப் ஆபீஸ்" 2018ல வந்துச்சு. ஒரு நேரத்தை அடைச்சு வச்சுட்டா அதுக்குள்ள வர்ற அழைப்பு எல்லாத்துக்கும் தானா மறுப்பு போயிரும். புதுசா வர்றதை மட்டும் மறுக்கறதா, ஏற்கெனவே இருக்கறதையும் சேத்து மறுக்கறதான்னு கேக்கும். போற பதில்ல என்ன இருக்கணும்னு நீங்களே எழுதிக்கலாம். "ஃபோகஸ் டைம்" 2021ல வந்துச்சு, அதுலயும் இதே மறுக்கற வசதி இருக்கு. ரெண்டும் ஆபீஸ், பள்ளிக்கூடக் கணக்குக்குத்தான், இலவச ஜிமெயில்ல தேடாதீங்க. "வேலை நேரம்"னு ஒரு அமைப்பு இருக்குதே, அது மறுக்காது. கூப்பிடறவங்களுக்கு "இவங்க இந்த நேரத்துல வேலையில இல்லை"ன்னு எச்சரிக்கை மட்டும் காட்டும்.

அவுட்லுக் பழைய டெஸ்க்டாப் பதிப்புல நீங்க கேக்கறது நேராவே இருக்கு. ஃபைல், ஆப்ஷன்ஸ், காலண்டர்னு போனா கீழ தானா ஏத்துக்க, மறுக்கன்னு ஒரு பகுதி. ஆனா அது மோதாத அழைப்பை எல்லாம் தானா ஏத்துக்கற ஏற்பாடு. அதோட சேந்து வர்றதுதான் மோதறதை மறுக்கறதும், தொடர் மீட்டிங்கை மறுக்கறதும். 2010 பதிப்புல அந்தப் பகுதிக்குப் பேரே "ரிசோர்ஸ் ஷெட்யூலிங்". மீட்டிங் ரூம், புரொஜெக்டர் மாதிரி பொருளுக்காக யோசிச்ச வசதி அது. ஆளுக்கு அப்படியே போட்டா ஒத்து வராதுங்கறது என் அனுபவம்.

கூகுள்ல நீங்க கேக்கற மாதிரியே வேணும்னா, கூகுளோட ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல சின்னதா ஒரு ப்ரோகிராம் எழுதணும். 100 வரிக்குள்ள முடிஞ்சுரும். வேணும்னா சொல்லுங்க, எப்படின்னு விளக்கமா போடறேன்.

---

ஒற்றைப்படை மதகு (ஈரோடு மாவட்டம்)
14 மார்ச் 2025, காலை 6:05

ஏனுங்க அம்மணி, நடுவுல நுழையறதுக்குக் கோவிச்சுக்காதீங்க. நூல் ஏஜென்சி வச்சிருக்கறேன், பெருந்துறைப் பக்கம் கொஞ்சம் தோட்டமும் இருக்குது. எனக்கும் இப்ப மில்லுக்காரங்க காலண்டர்லதான் கூப்பிடறாங்க.

மிசினு "வரமாட்டேன்"னு சொல்றது எனக்கு ஒப்பலீங்க. நம்மூர்ல ஒரே முகூர்த்தத்துல நாலு கல்யாணம் வருது. வெத்தலை பாக்கு வச்சு வீடு தேடி வந்து கூப்பிட்டவங்ககிட்ட வரமாட்டேன்னு யாருங்க சொல்றாங்க? "யாராச்சும் ஒருத்தர் வந்துருவோமுங்க"ன்னுதான் சொல்லுவோம். சொன்னபடி போகவும் செய்வோம். நான் ஒரு மண்டபம், வீட்டுல அவங்க ஒரு மண்டபம், பையன் பைக்கை எடுத்துட்டு மூணாவது மண்டபம். ரொம்ப நெருங்கின ஒறம்பரையா இருந்தா முந்தின நாள் பொழுதோடவே சீருக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு வந்துருவோம்.

உங்களுக்குக் கீழ பசங்க, பொண்ணுங்க வேலைக்கு இருக்காங்கல்ல? மறுக்கறதுக்கு முந்தி "யாராச்சும் ஒருத்தர்" யாருன்னு பாக்கறதுக்கு அந்த மிசினுக்குத் தெரியுங்களா?

---

பவர்டேபிள்
14 மார்ச் 2025, காலை 8:20

ஐயா, கோவம் எதுக்குங்க. நீங்க கேட்டது என் மண்டையில ஏறவே இல்லை பாருங்க. எனக்குக் கீழ ரெண்டு ஜூனியர் மெர்ச்சண்டைசர் இருக்காங்க. லேப் டிப் பத்தி என்னை விட அவங்களுக்கு நல்லாவே தெரியும். அன்னைக்கு ஒருத்தர் சும்மாதான் சீட்ல உக்காந்திருந்தாரு.

அட்மின் தம்பி, ஸ்கிரிப்ட் எப்படின்னு போடுங்க. ஜூனியர்க்கு அனுப்பற மாதிரி முடியுமான்னும் சேத்துச் சொல்லுங்க.

---

பீளமேட்டு அம்மணி (கோவை)
14 மார்ச் 2025, மதியம் 1:10

அக்கா, ஸ்கிரிப்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. உங்களுக்குப் புதன்கிழமை நடந்தது புது அழைப்பால வந்த மோதலே இல்லை. ரெண்டுமே நீங்க மாசக்கணக்குக்கு முன்னாடி ஒத்துக்கிட்ட தொடர். அதுல ஒண்ணு நகந்து வந்து இன்னொண்ணு மேல உக்காந்திருக்கு.

நம்ம நேரம் வருஷம் முழுக்க உலகப் பொது நேரத்துக்கு 5:30 மணி முன்னாடி, மாறவே மாறாது. அமெரிக்காவுல கடிகாரத்தை மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்ன தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி வைக்கறாங்க. 2007ல இருந்து இதுதான் அவங்க வழக்கம். ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு முன்ன, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்ன. ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாத்தறதில்லை. இந்த வருஷம் அமெரிக்கா மார்ச் 9 மாத்திருச்சு, ஜெர்மனி மார்ச் 30தான் மாத்தும். நடுவுல மூணு வாரம் நியூயார்க் 9 மணியும் ஜெர்மனி 2 மணியும் நமக்கு ஒரே 6:30. மார்ச் 30க்கு அப்புறம் ஜெர்மனி 5:30க்குப் போயிரும், நியூயார்க் 6:30லயே நிக்கும், பழையபடி ஒரு மணி நேர இடைவெளி வந்துரும். அதனால மார்ச் 19, 26 ரெண்டு புதனும் உங்களுக்கு இதே மோதல் இருக்கு. அக்டோபர் 26ல இருந்து நவம்பர் 2 வரைக்கும் திரும்பவும் ஒரு வாரம் வரும், அந்தப் புதன் அக்டோபர் 29.

புது அழைப்பு வர்றப்ப மட்டும் பாக்கற ஸ்கிரிப்ட் இதைப் பிடிக்கவே பிடிக்காது. அடுத்த சில வாரத்தை தினமும் ஒரு தரம் முழுசா அலசிப் பாக்கணும்.

ரெண்டாவது, மோதல்னா என்னங்கறது. ஒண்ணோட ஆரம்பம் மத்ததோட முடிவுக்கு முன்னாடியும், மத்ததோட ஆரம்பம் இதோட முடிவுக்கு முன்னாடியும் இருந்தாத்தான் மோதல். 6:30க்கு முடியற மீட்டிங்கும் 6:30க்கு ஆரம்பிக்கற மீட்டிங்கும் தொட்டுக்கிட்டு இருக்கு, மோதல. நான் மொதல்ல எழுதினப்ப "முன்னாடி"ங்கற இடத்துல "முன்னாடி அல்லது அதே நேரம்"னு வச்சுட்டேன். ஒட்டி ஒட்டி இருந்த மீட்டிங்ல பாதிக்கு மறுப்பு போயிருச்சு.

அதை விடப் பெரிய அடி ஒண்ணு வாங்கினேன். எங்க அப்பா திதியை முழுநாள் நிகழ்வா காலண்டர்ல போட்டு வச்சிருந்தேன். முழுநாள் நிகழ்வு போட்டா கூகுள் அதை "ஃப்ரீ"ன்னுதான் எடுத்துக்கும், நான் அதை "பிஸி"ன்னு மாத்தியிருந்தேன். காலைல ரெண்டு மணி நேரம்தான் சாமி கும்பிடற வேலை. ஸ்கிரிப்ட் அன்னைக்கு நாள் முழுக்க இருந்த எல்லா மீட்டிங்கையும் மறுத்துருச்சு, அதுல ராத்திரி சாப்ட்வேர் ரிலீஸ் போலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற மீட்டிங்கும் ஒண்ணு. நான் வேணும்னே ஒதுங்கிட்டேன்னு டீம்ல நினைச்சுட்டாங்க. அதை விளக்கிச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அன்னைல இருந்து முழுநாள் நிகழ்வை ஸ்கிரிப்ட் கண்டுக்கவே கூடாதுன்னு மொதல் வரியிலயே எழுதிட்டேன்.

---

கரூர் பெட்ஷீட்
14 மார்ச் 2025, மாலை 4:30

எங்க ஆபீஸ்ல மெயில், காலண்டர் எல்லாம் மைக்ரோசாஃப்டோட எக்ஸ்சேஞ்ச் சர்வர். மீட்டிங் ரூம்க்குத் தனி மெயில் பெட்டி வச்சு, மோதினா தானா மறுக்கற மாதிரி போட்டிருக்கோம். ரூம்க்கு அது அருமையா வேலை செய்யுது, ரூம்க்கு என்னங்க மனசா நோகப் போகுது. ஆனா ரெண்டு இடத்துல மாட்டினோம், சொல்லி வைக்கறேன்.

வாரா வாரம் வர்ற மீட்டிங்கை ஒரு வருஷத்துக்குப் போட்டாங்க, ரூம் மொத்தத்தையும் மறுத்துருச்சு. 180 நாளுக்கு மேல முன்பதிவு எடுக்காதுங்கறது இயல்பான அமைப்பு. அப்புறம் ஆறு மாசத்துக்குக் குறைச்சுப் போட்டாங்க, அப்பவும் மறுத்துச்சு. அந்த ஆறு மாசத்துல ஒரே ஒரு நாள் வேற யாரோ ரூமை எடுத்திருந்தாங்க. தொடர்ல எத்தனை மோதல் வரைக்கும் பரவாயில்லைங்கறதுக்கு எண்ணிக்கையும் சதவீதமும் தனித்தனியா ரெண்டு அமைப்பு இருக்கு. ரெண்டும் இயல்பா பூஜ்யம். அதனால ஒரு நாள் மோதினாலும் மொத்தத் தொடரும் போயிரும். அதைக் கொஞ்சம் தளர்த்தி வச்சா மோதற நாளை மட்டும் மறுத்துட்டு மிச்சத்தை எடுத்துக்கும்.

அக்கா உங்க ஸ்கிரிப்ட்லயும் தொடரை மொத்தமா மறுத்துராதீங்க. ஒரு புதனுக்காக வருஷம் முழுக்க ஜெர்மன்காரங்களுக்கு "வரல"ன்னு போயிரும்.

---

கீரணத்தம் அட்மின்
14 மார்ச் 2025, இரவு 11:50

கரூர் அண்ணா சொன்னது ரொம்ப முக்கியம். சரி, ஸ்கிரிப்ட் எப்படின்னு வார்த்தையிலயே சொல்லீர்றேன், ப்ரோகிராமைத் தனிச் செய்தியில தர்றேன்.

காலண்டர்ல ஏதாச்சும் மாறினா ஸ்கிரிப்டைத் தானா ஓட வைக்கற ஏற்பாடு, ட்ரிக்கர்னு ஒண்ணு இருக்கு. அது "ஏதோ மாறுச்சு"ன்னு மட்டும்தான் சொல்லும், எந்த நிகழ்வு மாறுச்சுன்னு சொல்லாது. அதனால போன தடவை எது வரைக்கும் பாத்தோம்ங்கறதுக்கு சிங்க் டோக்கன்னு ஒரு அடையாளத்தைச் சேமிச்சு வச்சு, அதுக்கப்புறம் மாறினதை மட்டும் கேட்டு வாங்கணும். இது புது அழைப்புக்கு. தினம் காலை 6 மணிக்கு இன்னொரு ட்ரிக்கர் அடுத்த 21 நாளை முழுசா அலசும், பீளமேட்டு அக்கா சொன்ன கடிகார மோதல் அதுல மாட்டும். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிஷம்தான் அனுமதி, 21 நாளைப் பாக்க அது தாராளம்.

தொடர் மீட்டிங்கை ஒவ்வொரு நாளாப் பிரிச்சு வாங்கணும். பிரிச்சு வாங்கினா ஒவ்வொரு நாளுக்கும் தனி அடையாள எண் வரும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் பதில் மாத்தலாம்.

அழைக்கப்பட்டவங்க பட்டியல்ல நம்ம பேருக்கு நேரா பதில் நிலைன்னு ஒரு புலம், குறிப்புன்னு ஒரு புலம் இருக்கும். பதில் நிலை நாலுதான்: பதில் சொல்லல, வர்றேன், வந்தாலும் வருவேன், வரல. நீங்க "வர்றேன்"னு சொன்னதோட மட்டும்தான் ஸ்கிரிப்ட் ஒப்பிடணும். பதில் சொல்லாத அழைப்பையும் சேத்து ஒப்பிட்டா, யாரோ அனுப்பின விளம்பர அழைப்பு மொதல்ல வந்து உக்காந்துக்கும், உங்க நிஜமான பையர் அழைப்புக்கு மறுப்பு போயிரும். அதே மாதிரி அமைப்புகள்ல "தெரிஞ்சவங்க அனுப்பினா மட்டும் அழைப்பைக் காலண்டர்ல சேர்"னு ஒண்ணு இருக்கு, அதை இப்பவே போட்டுருங்க.

பதிலை மாத்தறப்பவே, அழைச்சவங்களுக்கு மெயில் போகணுமா வேண்டாமான்னும் சொல்லணும். சொல்லாம விட்டீங்கன்னா உங்க காலண்டர்ல கோடு அடிச்சிருக்கும், அவங்க மெயில்ல ஒண்ணும் வந்திருக்காது. குறிப்புல "இந்த நேரத்துல ஏற்கெனவே இன்ன மீட்டிங் இருக்கு"ன்னு மோதற நிகழ்வோட தலைப்பைத் தானா போடற மாதிரி எழுதியிருக்கேன், காரணம் தெரிஞ்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

---

பவர்டேபிள்
15 மார்ச் 2025, காலை 7:15

தம்பி, அந்தத் தலைப்பு போடறதை உடனே எடுத்துருங்க. ரெண்டு பையரும் ஒரே சந்தையில போட்டிக்காரங்க. என் காலண்டர்ல மீட்டிங் தலைப்பு பையர் பேரு, ஸ்டைல் நம்பர், சீசன்னுதான் இருக்கும். ஜெர்மன்காரங்களுக்குப் போற மறுப்புல நியூயார்க்காரங்க ஸ்டைல் நம்பர் போச்சுன்னா என் வேலை போறது மட்டும் இல்லை, எங்க முதலாளி ஒரு பையரையே இழந்துருவாரு. ரகசியம் காப்போம்னு கையெழுத்து போட்டுத்தானே ஆர்டர் எடுக்கறோம்.

"இந்த நேரத்துல வேற வேலை ஒப்புக்கொண்டிருக்கேன்"னு மட்டும் போனா போதும். அதுக்கு அடுத்த வரியில எப்ப முடியும்ங்கறதைப் போடணும்.

---

கீரணத்தம் அட்மின்
15 மார்ச் 2025, காலை 7:40

நான் அந்தக் கோணத்துல யோசிக்கவே இல்லைக்கா. எடுத்துட்டேன். எங்க கம்பெனிக்குள்ள எல்லாரும் எல்லார் காலண்டரையும் பாத்துக்குவோம், அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன்.

---

பொள்ளாச்சி தென்னை
15 மார்ச் 2025, காலை 10:00

குறுக்க ஒரு சின்ன விஷயம். நான் வீட்டுல இருந்து வேலை பாக்கறேன். கரண்ட் ஆபீஸ்ல மாசாந்திர பராமரிப்புக்கு மின்தடைன்னு முந்தின நாள் பேப்பர்ல வரும், காலைல 9 மணிக்குப் போனா சாயங்காலம்தான் வரும். அன்னைக்கு "அவுட் ஆஃப் ஆபீஸ்" போட்டு, பதில்ல "எங்க ஊர்ல மின்தடை, போன்ல கூப்பிடலாம்"னு எழுதி வச்சுருவேன். அந்த மாதிரி நாளுக்கு ஸ்கிரிப்ட் எல்லாம் தேவையே இல்லைங்க. புது அழைப்பை மட்டும் மறுக்கச் சொல்லுவேன், பழசுக்கு நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிக்குவேன்.

---

ஒற்றைப்படை மதகு
15 மார்ச் 2025, மாலை 6:45

தம்பி எழுதினதை என் பேரனை வச்சுப் படிச்சுப் பாத்தேன். யாரு மொதல்ல கூப்பிட்டாங்களோ அவங்களுக்குத்தான் நேரம்னு அந்த மிசினு முடிவு பண்ணிக்குது போல. அது சரிங்களா?

எங்க கீழ்பவானி வாய்க்கால்ல 2 லட்சத்துச் சொச்சம் ஏக்கர். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம்னு மாத்தி மாத்தித் தண்ணி உடறாங்க. மதகுக்குள்ள வந்தா எங்களுக்குள்ள முறை. இன்னாருக்கு இத்தனை மணிக்குத் தண்ணின்னு இருக்கும், ராத்திரி 2 மணின்னாலும் மம்புட்டியைத் தோள்ல போட்டுட்டுப் போயி மடை திருப்போணும். பக்கத்துக்காட்டுக்காரர் வீட்டுல ஒரு விசேஷம்னா, என் முறையை அவருக்குக் குடுத்துட்டு அவரு முறையை நான் எடுத்துக்குவேன். கடலைக்காட்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது, நாத்துக்குத் தள்ளுனா செத்துப்போயிரும், அது ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா மாத்தறதை முந்தின நாள் பொழுதோடவே சொல்லிப்போடணும். தண்ணி வாய்க்கால்ல வந்தப்புறம் நின்னு பேசுனா ரெண்டு பேரு காடும் காயும்.

அதனால மிசினு சீக்கிரம் கண்டுபிடிச்சு உங்ககிட்டச் சொல்லட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கல. எது நாத்து, எது கடலைன்னு நீங்க பாத்துச் சொல்லோணும் அம்மணி.

---

கீரணத்தம் அட்மின்
15 மார்ச் 2025, இரவு 8:30

ஐயா, உங்களோட நான் முழுசா ஒத்துப்போகல. ஒரு நாளைக்கு எனக்கு 15 அழைப்பு வருது. ஒவ்வொண்ணையும் நான் பாத்துத்தான் மறுக்கணும்னா, பாக்காம விட்டுப்போறதுதான் ஜாஸ்தியா நடக்கும். பதிலே வராம இருக்கறதுதான் இருக்கறதுலயே மோசமான பதில். அது எனக்கு நடந்திருக்கு, நாலு பேர் லைன்ல உக்காந்து அஞ்சாவது ஆளுக்காகக் காத்திருப்போம். உடனே தானா "வரல"ன்னு வந்திருந்தா அந்த நாலு பேரும் வேற வேலை பாத்திருப்போம்.

---

பீளமேட்டு அம்மணி
15 மார்ச் 2025, இரவு 9:20

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே ஸ்கிரிப்ட்ல அடங்கும். யாரு கூப்பிட்டாங்கங்கறதை வச்சுப் பிரிச்சுருங்க. கம்பெனிக்குள்ள இருந்து வந்த அழைப்பு மோதினா உடனே தானா மறுப்பு. வெளி ஆள், பையர், முதலாளி அனுப்பினது மோதினா மறுக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு மெயில் மட்டும் வரட்டும். நீங்க ஒரு குறிப்பிட்ட மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லலைன்னா "வந்தாலும் வருவேன்"னு மாத்தி, பாத்துட்டு சொல்றேன்னு ஒரு வரி போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. மொதல் ஒரு வாரம் எதையும் மறுக்க விடாதீங்க. "இதை மறுத்திருப்பேன்"னு ஒரு ஷீட்ல எழுதி மட்டும் வைக்கட்டும். தினமும் படிச்சுப் பாருங்க. நான் அதைச் செஞ்சிருந்தா அந்தத் திதி நாள் தப்பு நடந்திருக்காது.

---

பவர்டேபிள்
29 மார்ச் 2025, மாலை 5:00

ரெண்டு வாரம் ஆச்சு, எப்படிப் போகுதுன்னு சொல்லணும்ல.

மொதல் வாரம் ஷீட்ல எழுத மட்டும் விட்டேன். மொத்தம் 11 மோதல் எழுதியிருந்துச்சு. எட்டு சரி. மூணு தப்பு. அந்த மூணையும் பாருங்க, நானே உக்காந்து யோசிச்சிருந்தா வந்திருக்காது.

ஒண்ணு, சாயப்பட்டறைக்காரர் "பாத் ரெடி, ஷேடு பாக்க வாங்க"ன்னு போட்ட அரை மணி நேரம். எங்க புரொடக்‌ஷன் மீட்டிங்கோட மோதுச்சு. புரொடக்‌ஷன் மீட்டிங் நான் இல்லாமயும் நடக்கும். ஷேடு பாக்காம சாயத்தொட்டியில இருந்து துணியை எடுக்க முடியாது, தொட்டி சும்மா நின்னா அவருக்கும் நஷ்டம். ஐயா சொன்ன நாத்து அதுதான். ரெண்டாவது, நான் தையல் யூனிட்டுக்குப் போற வழி நேரத்தைக் காலண்டர்ல "பிஸி"ன்னு போட்டிருந்தேன். அதோட மோதுதுன்னு எழுதினது கார்ல போயிட்டே போன்ல பேசற மீட்டிங், மோதலே இல்லை. மூணாவது, முதலாளி அம்மா போட்ட அழைப்பு. அதைத் தானா மறுத்திருந்தா அடுத்த நாள் நான் எப்படி ஆபீஸ் போயிருப்பேன்னு நினைக்கவே கலக்கமா இருக்கு.

இப்ப மூணு விதமா பிரிச்சிருக்கேன். ஆபீஸ்க்குள்ள வாராந்திர மீட்டிங் மோதினா உடனே மறுப்பு, "வேற வேலை ஒப்புக்கொண்டிருக்கேன், மதியம் 3ல இருந்து 4 வரைக்கும் இருப்பேன்"னு குறிப்போட. பையரும் சாயப்பட்டறையும் மோதினா எனக்கு மெயில், நான் பாத்து முடிவு பண்ணுவேன். லேப் டிப், சாம்பிள் கமெண்ட்னு தலைப்புல இருந்தா ஜூனியர் ரெண்டு பேர் காலண்டரையும் பாத்து, சும்மா இருக்கறவர் பேரை எனக்குச் சொல்லும். நான் ஓகே சொன்னா அவரை அழைப்புல சேத்து, "என் சார்பா இவர் வருவார், முடிவு சொல்ல அதிகாரம் இருக்கு"ன்னு போகும். அந்தக் கடைசி வார்த்தையை நான்தான் சேக்கச் சொன்னேன். அது இல்லைன்னா ஜூனியரை உக்கார வச்சுட்டு "மேடம்கிட்ட கேட்டுச் சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பிருவாங்க.

26ஆம் தேதி புதன் ஜெர்மன் மீட்டிங்ல ஜூனியர் உக்காந்தாரு. பி ஷேடை அப்ரூவ் பண்ணிட்டாங்க, 12 நிமிஷத்துல முடிஞ்சுது. நான் நியூயார்க் மீட்டிங்ல நிம்மதியா பேசினேன்.

ஐயா, "யாராச்சும் ஒருத்தர் வந்துருவோமுங்க"ங்கறதுதான் இந்த ஸ்கிரிப்ட்ல இப்ப பெரிய பகுதி.

---

ஒற்றைப்படை மதகு
29 மார்ச் 2025, இரவு 7:30

ரொம்ப சந்தோசமுங்க அம்மணி. அந்தப் பையனுக்கு அதிகாரம் குடுத்து அனுப்புனீங்க பாருங்க, அது பெரிய விசயம். கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் வராம பையனை அனுப்புனாலும், மொய்யை அவன் கையிலயே குடுத்துத்தான் அனுப்புவோம்.

---

கரூர் பெட்ஷீட்
30 மார்ச் 2025, காலை 11:10

அக்கா, ஒரு சந்தேகம். நீங்க கூகுள், உங்க பையர் ஆபீஸ் அவுட்லுக்னா இந்த மறுப்பு அவங்க பக்கம் ஒழுங்கா போய்ச் சேருதா? எங்களுக்குப் பையர் எல்லாம் விதவிதமான மெயில் வச்சிருக்காங்க.

---

கீரணத்தம் அட்மின்
30 மார்ச் 2025, மதியம் 12:25

போகும்ணா. காலண்டர் அழைப்பும் பதிலும் ஐகேலண்டர்ங்கற ஒரே பொது வடிவத்துல போகுது. அது 1998ல வந்து 2009ல ஆர்எஃப்சி 5545ங்கற இணையத் தர ஆவணமா புதுப்பிச்சது. வர்றேன், வரலங்கறது எல்லாம் அதுல ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும், கூகுள் எழுதினதை அவுட்லுக் படிச்சுக்கும். குறிப்பு மட்டும் சில இடத்துல மெயில் உடம்புல வரும், சில இடத்துல காலண்டர்க்குள்ள பேருக்குப் பக்கத்துல வரும். அதனால முக்கியமான வரியை மொதல் வரியா எழுதச் சொல்லுங்க.

இன்னொண்ணு. அவங்க பக்கமும் தானா நேரம் மாத்தற கருவி வச்சிருந்தா, உங்க ஸ்கிரிப்ட் மறுக்க, அது வேற நேரம் போட, திரும்ப இது மறுக்கன்னு சுத்திக்கிட்டே இருக்கும். ஒரே மீட்டிங்கை ரெண்டு தடவைக்கு மேல தானா மறுக்கக்கூடாதுன்னு எண்ணிக்கை வச்சுருங்க.

---

பவர்டேபிள்
30 அக்டோபர் 2025, இரவு 8:50

பழைய இழையை மேல கொண்டு வர்றேன், மன்னிச்சுக்குங்க. யாராச்சும் இதையே தேடி வந்தா உதவும்.

நேத்து அக்டோபர் 29. பீளமேட்டு அக்கா மார்ச்லயே சொன்ன அதே புதன். தினம் காலைல அலசற ஓட்டம் 8ஆம் தேதியே எடுத்துச் சொல்லிருச்சு, "29ல ஜெர்மனியும் நியூயார்க்கும் 6:30ல மோதுது"ன்னு. இந்த தடவை ஜூனியரை அனுப்பல, ரெண்டு மீட்டிங்குக்கும் நான் வேண்டியிருந்துச்சு. ஜெர்மன்காரங்களுக்கு மறுப்பு அனுப்பாம நானே நாலு வரி எழுதினேன். உங்க கடிகாரம் 26 மாறுது, நியூயார்க் அடுத்த ஞாயிறுதான் மாறுது, இந்த ஒரு வாரம் மட்டும் உங்க நேரம் 1 மணிக்கு வைக்க முடியுமான்னு கேட்டேன். அன்னைக்கே மாத்திக் குடுத்துட்டாங்க. மார்ச்ல நடந்ததுக்குக் காரணம் இதுதான்னு அவங்களுக்கும் இப்பத்தான் புரிஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க.

அதோட 2026 மார்ச்சையும் கேட்டு வாங்கிட்டேன். அமெரிக்கா மார்ச் 8, ஜெர்மனி மார்ச் 29. நடுவுல மூணு புதன்: 11, 18, 25. மூணையும் அவங்க நேரம் 1 மணி, நம்ம நேரம் 5:30க்கு இப்பவே நகத்தி வச்சுட்டாங்க.